வண்டி வீட்டின் தண்ணீர்

வண்டியைக் காட்ட வந்த பெண் முன்கதவைத் திறக்கவில்லை. எங்களை நேராக இடதுபுறப் பின்பக்கத்துக்கு அழைத்துப் போய், சக்கரத்துக்குப் பின்னால் தாழ்வாக இருந்த ஒரு சின்னத் தகரக் கதவைத் தூக்கினார். உள்ளே இரண்டு இழுப்புக் கைப்பிடிகள்: ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். அவற்றுக்குக் கீழே மூடி போட்ட பருத்த குழாய் வாய். "இதைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் சுலபம்" என்றார். கட்டில், சோபா, டிவி எல்லாவற்றையும் அதற்கப்புறம்தான் காட்டினார். வாடகை ஆர்.வி.யை, அதாவது வீட்டு வசதிகளோடு ஓடும் வண்டியை, முதன்முதலாக எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடவரிசை கிடையாது என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சேண்ட்லரில் இருக்கிறான். அக்டோபரில் நான் அங்கே போயிருந்தபோது, அவனும் மனைவியும் மகளும் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் ஆர்.வி.யில் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வகை வண்டி, 25 அடி நீளம். இதற்கென்று தனி லைசென்ஸ் கேட்கவில்லை, கார் ஓட்டும் லைசென்ஸே போதும். அதனாலேயே முன்தயாரிப்பு இல்லாமல் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. சேண்ட்லர் நண்பர்களில் சிலர் அப்படிக் கிளம்பியவர்கள்தான்.

அந்தப் பெண் விளக்கியதை முழுக்கத் தம்பி செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. ஒன்றரை மணி நேரத்தில் முப்பது விஷயங்களைக் காட்டுகிறார்கள், இருட்டில் ஹீட்டர் எரியாதபோது அவற்றில் ஒன்றும் நினைவில் வராது. வண்டியின் உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிக்கொண்டோம். பெட்ரோல் பங்க் கூரை, தாழ்ந்த பாலம், மரக்கிளை எதுவும் நாம் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது. பிறகு, காலியாகக் கிடந்த ஒரு கடை வாகன நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பழகினான். பின்சக்கரத்துக்குப் பின்னாலும் உடம்பு நீண்டிருப்பதால், திரும்பும்போது வால்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். அதை வெளியே நின்று பார்த்தால்தான் புரிகிறது. நான் வெளியே நின்று பார்த்தேன்.

ஆர்.வி. தங்குமிடங்கள் எல்லாம் ஒன்றல்ல. தெற்கு விளிம்பில் அடுத்தடுத்து இரண்டு இருக்கின்றன. மேதர் கேம்ப் கிரவுண்டில் மரங்களுக்கு நடுவே கூடாரம் போடலாம், 30 அடி வரையுள்ள வண்டிகளையும் நிறுத்தலாம், ஆனால் வண்டிக்குக் கரண்டோ தண்ணீரோ சாக்கடையோ இணைப்பு கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் ட்ரெய்லர் வில்லேஜில் மூன்றும் உண்டு. 50 அடி வண்டிகூட நேராக உள்ளே நுழைந்து அப்படியே முன்பக்கமாக வெளியேறும்படி தார் போட்ட இடங்கள். ரிவர்ஸ் எடுக்கவே வேண்டியதில்லை. முதல் தடவைக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். மூன்று இணைப்பும் கையில் இருந்தால்தான் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகக் கற்றுக்கொள்ள முடிகிறது. தேசியப் பூங்காவுக்குள் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு, மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். கிடைக்காதவர்களுக்கு வெளியே தனியார் பார்க்குகள் உண்டு. 1962-ல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. நிறுவனம் இன்று நாடெங்கும் அப்படிப்பட்ட இடங்களை வைத்திருக்கிறது.

சேண்ட்லரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கள்ளிச்செடிப் பாலையிலிருந்து பைன் காட்டுக்கு ஏறும் சாலை. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் குறைவான இடத்திலிருந்து 2,100 மீட்டருக்குப் போகிறோம். ஃபீனிக்ஸில் அக்டோபரிலும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும், விளிம்பில் இரவு உறைநிலையைத் தொடும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் சாமான் கட்ட வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தது நல்லதாயிற்று. பிற்பகலில் ட்ரெய்லர் வில்லேஜில் எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். வண்டியின் ஓட்டுநர் பக்கமாக ஒரு கரண்ட் பெட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் மூடி போட்ட சாக்கடைத் துளை. பெரும்பாலான ஆர்.வி. பார்க்குகளில் இந்த மூன்றும் இதே பக்கம்தான் இருக்கும், வண்டிகளின் வாய்களும் அதற்கேற்ற பக்கம்தான்.

இறங்கியதும் இணைப்பு வேலையைத் தொடங்கக் கூடாது, முதலில் மட்டம் பார்க்க வேண்டும். சமையல் மேடையில் சின்ன ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றி, பிறகு சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தோம். சாய்வாகத் தூங்க முடியாது என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. வண்டியில் இருந்த ஃபிரிட்ஜ் காஸிலும் கரண்டிலும் ஓடும் வகை. அதில் கம்ப்ரசர் கிடையாது, அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி, அது தன் எடையாலேயே கீழே இறங்கி ஓடுவதை வைத்துத்தான் குளிர்விக்கிறது. வண்டி சாய்ந்திருந்தால் அந்த ஓட்டம் தடைபடும், நாளடைவில் ஃபிரிட்ஜே பாழாகும்.

அடுத்தது கரண்ட். பெட்டியைத் திறந்தால் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு பெரிய துளைகள். எங்கள் வண்டி 30 ஆம்ப், மூன்று முள் பிளக். 50 ஆம்ப் பிளக்குக்கு நான்கு முள், அது வேறு. நேரடியாகச் செருகாமல், முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டு, ஒரு பாதுகாப்புக் கருவியைச் செருகி, பிரேக்கரைப் போட்டு, அதன் விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்று பார்த்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலோ, வயரை யாராவது மாற்றிக் கொடுத்திருந்தாலோ அது காட்டிக்கொடுக்கும். அதற்கப்புறம்தான் வண்டியின் கேபிள்.

30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு குறைவு என்பதைத் தம்பி மனைவிதான் முதலில் கண்டுகொண்டாள். கிளம்புவதற்கு முன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாள்: அறையைச் சூடாக்கும் ஹீட்டர் 1,500 வாட், கெட்டில் 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட். மூன்றும் சேர்ந்தால் 40 ஆம்ப். ஹீட்டரும் இண்டக்‌ஷனும் மட்டுமே 27 ஆம்புக்கு மேல் இழுக்கும், அதோடு ஃபிரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். "ஹீட்டர் ஓடும்போது சமையல் காஸ்லதான் அண்ணி, கெட்டில் காலைல மட்டும்" என்று ஒரு தாளில் எழுதி மைக்ரோவேவ் கதவில் ஒட்டிவிட்டாள். இருந்தவரை பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. பக்கத்து வரிசையில் இரவு இரண்டு முறை யாரோ டார்ச்சோடு கரண்ட் பெட்டியைத் தேடிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

தண்ணீர் இணைப்பில் இரண்டு சின்னப் பொருள்கள்தான் முக்கியம். குடிதண்ணீருக்கென்றே செய்த வெள்ளைக் குழாய் ஒன்று. தோட்டத்துக்குப் பயன்படுத்தும் பச்சைக் குழாய் கூடாது, அதில் தண்ணீருக்கு ரப்பர் வாடை ஏறும். மற்றது பித்தளையில் செய்த பிரஷர் ரெகுலேட்டர், கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பார்க்குகளின் தண்ணீர் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் வண்டிக்குள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் தாங்கக்கூடியதைவிட அதிகமாகவும் வரலாம். ரெகுலேட்டரைக் குழாயின் வண்டி முனையில் போடாமல் பார்க்கின் பைப்பிலேயே போட்டால் இடையிலுள்ள குழாயும் தப்பிக்கும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, பைப்பை அலட்சியமாகத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம், வடக்கு விளிம்புக்குக் கீழே பாறையைப் பிளந்துகொண்டு கொட்டும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றுதான் இதற்கு மூலம். அங்கிருந்து 20 கிலோமீட்டர் நீளக் குழாய் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து வருகிறது, இந்தப் பக்கச் சரிவிலுள்ள ஹவாசுபாய் கார்டன்ஸிலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள். 1960-களில் போட்ட குழாய். 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது என்கிறது பூங்கா நிர்வாகம். அதற்கு முந்தைய கதை இன்னும் கடினம். 1901-ல் ரயில் இங்கே வந்து சேர்ந்த பிறகு, 100 மைலுக்கும் அப்பாலிருந்து டேங்கர் பெட்டிகளில் தண்ணீரை ஏற்றிவந்துதான் ஓட்டல்களை நடத்தினார்கள்.

2024 ஆகஸ்ட் கடைசியில் அந்தக் குழாய் பல இடங்களில் உடைந்தபோது, தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள் ஓட்டல்களில் தங்குவதையும் ட்ரெய்லர் வில்லேஜில் தங்குவதையும் ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். மேதரில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தங்க மட்டும் விட்டார்கள். ஆகையால் இணைப்பு இருக்கிறதே என்று வண்டியின் நல்லதண்ணீர்த் தொட்டியைக் காலியாக விடக் கூடாது. நாங்கள் வந்ததும் அதை நிரப்பிக்கொண்டோம். இன்னொரு காரணமும் இருந்தது. இரவு உறைநிலைக்குப் போகும்போது வெளியே கிடக்கும் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். படுக்கப் போகுமுன் பைப்பை மூடி, குழாயைக் கழற்றி வடியவிட்டுச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, காலைவரை தொட்டித் தண்ணீரையே வண்டியின் சின்ன பம்பை வைத்துப் பயன்படுத்தினோம்.

இங்கே தண்ணீருக்கு ஏங்குவது மனிதர்கள் மட்டுமில்லை. மாலையில் கடைப்பக்கம் நடந்தபோது, எல்க் மான்கள் காரைப்போலச் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தன. பயணிகள் பாட்டில் நிரப்பும் குழாய்களின் நெம்புகோலை மூக்கால் தூக்கித் தண்ணீர் குடிக்க அவை கற்றுக்கொண்டதால், அந்தக் குழாய்களுக்குக் காப்பு வைக்க வேண்டியதாயிற்று. பார்க்கச் சாதுவாக இருக்கும், பக்கத்தில் போனால் முட்டும். 30 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். மருமகள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத் தள்ளி நின்றாள்.

திரும்பி வந்தபோது பக்கத்து வண்டிப் பெரியவர் எங்கள் சாக்கடைக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சிகனிலிருந்து கிளம்பி, மனைவியோடு குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாவின் மேற்கிலுள்ள குவார்ட்ஸைட்டுக்குப் போகிற வழியில் இங்கே தங்கியிருக்கிறார். "முதல் தடவையா?" என்று கேட்டுவிட்டு, தம்பியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கறுப்பு வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தப் பெண் வாடகை நிலையத்தில் முதலில் காட்டிய கைப்பிடிகளின் விஷயம் இது. வண்டிக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள். சாம்பல் நிறத்தது குளியல், சமையல் தண்ணீருக்கு. கறுப்பு, கழிப்பறைக்கு. சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று கறுப்பு வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது தொட்டிக்குள் கூம்பாகக் குவிந்து காய்ந்து கெட்டியாகும். பிறகு யாராலும் எளிதில் கரைக்க முடியாது. முக்கால்வாசி நிரம்பும்வரை மூடி வைத்து, மொத்தமாகத் திறந்தால் தண்ணீரின் வேகமே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் நமக்கு ஒரு அனுகூலமும் ஒரு சிக்கலும் இருக்கிறது. காகிதத்தை மட்டும் பயன்படுத்துகிறவர்களைவிட நாம் கழிப்பறையில் தண்ணீர் அதிகம் விடுகிறோம். தொட்டிக்கு அது நல்லது, எதுவும் குவியாது. ஆனால் 30 காலன், அதாவது 110 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கிற தொட்டி சீக்கிரமே நிரம்பிவிடும். தொட்டி அளவைக் காட்டும் விளக்குகளையும் முழுக்க நம்பக் கூடாது, உணரியில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும். காகிதம் பயன்படுத்தினால் தண்ணீரில் சீக்கிரம் கரையும் வகையாக இருக்க வேண்டும். ஒரு தாளைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கினாலே தெரிந்துவிடும். ஈரத்துடைப்பான்கள் அறவே கூடாது, பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

சமையலறைச் சாம்பல் தொட்டிக்கும் நம் சாப்பாட்டுக்கும் ஒத்துவராது. கஞ்சித் தண்ணீர், எண்ணெய், சாம்பார் மண்டி, கறிவேப்பிலை, கடுகு எல்லாம் உள்ளே போனால் வெயில் நேரத்தில் வண்டியே நாறும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவினோம், பாத்திரம் கழுவும் தொட்டியின் துளையில் நுண்ணிய வடிகட்டி போட்டோம். குக்கரை மறக்கவே கூடாது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பானையில் வைத்த பருப்பு வேக வெகுநேரம் ஆகும். மாவு புளிக்கவும் அந்தக் குளிர் விடாது, புளித்த மாவையே ஃபிரிட்ஜில் கொண்டுபோனோம்.

கிளம்பும் நாள் காலையில் தம்பி கறுப்புத் தொட்டியைத் திறந்தான். கையுறை போட்டுக்கொண்டு, பருத்த குழாயின் ஒரு முனையை வண்டி வாயில் முறுக்கிப் பூட்டினான், மறுமுனையைத் தரைத் துளையில் அழுத்தி வைத்தான். இரண்டு முனையையும் இழுத்துப் பார்த்த பிறகே கறுப்புக் கைப்பிடி. இடையில் கண்ணாடிபோன்ற ஒரு வளைவுத் துண்டு இருந்ததால் ஓடுவது தெரிந்தது. நின்றதும் அதை மூடி, சாம்பலைத் திறந்தான். சோப்புத் தண்ணீர் வேகமாக ஓடிக் குழாயைக் கழுவிக்கொடுத்தது. அதனால்தான் கறுப்பு முதலில், சாம்பல் பிறகு. கடைசியில் அந்தப் பருத்த குழாயைக் குடிதண்ணீர்க் குழாய் பக்கமே வராத தனிக் குழாயால் அலசி முடித்தோம். மொத்தம் கால் மணி நேரம்.

அந்த நேரத்தில் வரிசை முழுக்க இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள பெரிய வண்டிக்காரரும் பழைய ட்ரெய்லர்க்காரரும் கையுறையோடு குனிந்து அவரவர் கழிவை அவரவரே வெளியேற்றினார்கள். யாரையும் கூப்பிட்டு, "அதைச் செய்" என்று சொல்லவில்லை. நான் மதுரைக்காரி. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதற்கு எதிராக 1993-லும், மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதற்கும் எதிராக 2013-லும் சட்டம் போட்ட நாட்டிலிருந்து வருகிறேன். அதற்குப் பிறகும் நம் மாநிலத்தில் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று கேட்கவே தேவையில்லை. இங்கே ஒரு வால்வு, ஒரு குழாய், ஒரு ஜோடி கையுறை. யாரும் எதற்குள்ளும் இறங்க வேண்டியிராத மாதிரி முதலிலேயே யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரம் தம்பிக்கு அருவருப்பாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லக்கா. நம்மளோடதுதானே" என்றான்.

துளைக்குள் போனதற்கும் ஒரு கதை உண்டு. தண்ணீருக்கு இவ்வளவு பாடுபட்ட ஊர் என்பதால், கிராண்ட் கேன்யன் கிராமம் 1926-லேயே கழிவுநீரைச் சுத்திகரித்துத் தனிக் குழாய்களில் கழிப்பறைகளுக்கும் புல்வெளிக்கும் ரயில் இன்ஜின் கொதிகலன்களுக்கும் அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் இதை முதன்முதலில் செய்த இடங்களில் ஒன்று.

பெரியவர் விடைபெற வந்தார். குவார்ட்ஸைட்டில் பாலைவனத்தில் இணைப்பு எதுவுமில்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தியிருப்பாராம், தண்ணீரைச் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். பாத்திரம் கழுவ ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் என்று மனைவி அளந்து வைத்திருக்கிறார். வண்டியை எடுக்குமுன் எப்போதும் ஒரே திசையில் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும், அதைக் கடைசியாக ஓட்டுகிறவரே செய்ய வேண்டும் என்றார். தம்பி சுற்றினான்: கேபிள், குழாய், சாக்கடை மூடி, படிக்கட்டு, கூரை ஜன்னல், மஞ்சள் கட்டைகள், காஸ் வால்வு. அந்த வரிசையை மருமகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

சேண்ட்லர் திரும்பிய மறுநாள், நவம்பரில் சீயோன் தேசியப் பூங்காவுக்குப் போகிற நண்பர் ஒருவர் போன் செய்து, "என்னென்ன வாங்கணும் சார்?" என்று கேட்டார். தம்பி அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பித்தளை ரெகுலேட்டரையும் மிச்சமிருந்த கையுறைகளையும் வெள்ளைக் குழாயையும் ஒரு பையில் போட்டு அவருக்கென்று வாசலில் வைத்தான்.